அசல் லயத்துச் சாப்பாடு

பதுளைக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு இனி வழிகாட்டி தேவையில்லையாம். காதில் ஒன்றைச் செருகிக்கொண்டால் போதும், கைபேசிக்குள்ளிருந்து ஒரு பெண் பேசுகிறாள். இடது பக்கம் விகாரை, வலது பக்கம் கோயில், பசித்தால் இந்தக் கடையில் கொத்து ரொட்டி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறாள். போன மாதம் பஜார் வீதியில் ஒரு சோடியைப் பார்த்தேன். மாட்டிறைச்சிக் கொத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டே நேராகக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை, அவளுக்கு வயிறு கிடையாது. வயிறு இல்லாதவளை நம்பிப் பதுளையைச் சுற்றினால் இப்படித்தான் ஆகும்.

இதை வழிகாட்டித் தொழிலில் இருக்கும் இளவட்டங்களிடம் சொல்லிக் கத்தினேன். "அங்கிள், சும்மா ஏசாதீங்க. எழுதிக் குடுங்க, நாங்க வாசிக்கிறோம்" என்றார்கள். வாசிக்கப் போவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? எழுதுகிறேன்.

நான் ஹாலிஎலக்காரன். வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். தமிழ் வீட்டிலும் சிங்களம் ரோட்டிலும் ஆங்கிலம் ஆலயத்திலும் படித்தேன். வழிகாட்டிப் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போனபோது, எந்த அரசன் எந்தக் குளத்தைக் கட்டினான் என்று மனப்பாடம் பண்ண வைத்தார்கள். ஒரு வெள்ளைக்காரருக்கு நடுவழியில் வயிறு கலக்கினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. தொழிலுக்கு வந்த பிறகு அரசர்களைப் பற்றி எவரும் என்னிடம் கேட்டதில்லை. மற்ற விஷயம் வாராவாரம் தேவைப்பட்டது.

ஆகவே நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அதற்கு வயிற்று விதி என்று பெயர். பதுளை டவுனில் ஒரு சுற்றுச் சுற்றினால் புத்தரையும் முருகனையும் இயேசுவையும் அல்லாவையும் அரை நாளில் பார்த்துவிடலாம். ஆனால் எந்த வயிற்றோடு யாரைப் பார்ப்பது என்று ஒரு வரிசை இருக்கிறது. காலையில் விகாரை. தொப்பி, சப்பாத்து வெளியே, தோளும் முழங்காலும் துணிக்குள்ளே, புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்தால் பொலிஸ். அங்கிருந்து வெளியே வந்ததும் பிளேன்டீயும் வாழைப்பழமும். பிறகு சைவக் கடை உளுந்து வடை, அதோடு கோயில். இந்த இடத்தில்தான் புது வழிகாட்டிகள் மாட்டிக்கொள்வார்கள். போகிற வழியில் நல்ல மணம் வருகிறதே என்று பொல் ரொட்டியும் சம்பலும் வாங்கிக் கொடுப்பார்கள். சம்பலில் இடித்த மாசிக் கருவாடு இருக்கும். நம் நாட்டில் மாசியை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை, உப்பு மாதிரி அது பாட்டுக்கு எல்லாவற்றிலும் கிடக்கும். ஐயருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், "மாசி மீனா அங்கிள்?" என்பான். மாசி பின்னே மாம்பழமா?

கோயில் முடிந்தால் கவலை விட்டது. ஆலயத்தில் என் கர்த்தர் வயிற்றைப் பற்றிக் கேட்கிறவர் அல்ல, பூசை நேரத்தில் குறுக்கே நடக்காமல் இருந்தால் போதும். பள்ளிவாசலை மரியாதையோடு வெளியிலிருந்து காட்டிவிட்டு, கடைசியில் முஸ்லிம் கடைக்குள் போய் உட்கார்ந்தால் கொத்து, புரியாணி, வட்டிலப்பம், எது வேண்டுமானாலும் வெட்டலாம். யாரும் யாருடைய சாமியையும் புண்படுத்தாமல் எல்லோரும் ஏப்பம் விட்டுக்கொண்டு வேனில் ஏறுவார்கள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த என் பிழைப்பில் ராஜ் சேர் வந்து இறங்கினார்.

ராஜ் சேர் எங்கள் சுற்றுலாக் கொம்பனியின் ஊவாப் பக்கத்து மெனேஜர். கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து. பதுளை மண்ணில் வெள்ளைச் சப்பாத்துப் போட்டவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் ஒபிஸ் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அவர் படியேறி வந்ததும் கைக்குட்டையால் கதிரையைத் துடைப்பார். பிறகு மேசையைத் துடைப்பார். பிறகு எங்களைப் பார்ப்பார், எங்களையும் துடைக்கலாமா என்று யோசிக்கிறவர் போல. எதைப் பேசினாலும் ஆங்கிலத்தில் தொடங்குவார், கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு இறங்குவார். அவருக்குப் பிடித்த ஒரு சொல் இருந்தது: "ஒதென்டிக்." அசல் என்று அர்த்தம். சாப்பாடு ஒதென்டிக்காக இருக்க வேண்டும், சனம் ஒதென்டிக்காக இருக்க வேண்டும், வழிகாட்டி கழுத்தில் போட்டிருக்கும் துண்டுகூட ஒதென்டிக்காக இருக்க வேண்டும். எனக்கு ஒரு சிவப்புத் துண்டு வாங்கிக் கொடுத்தார். என் பரம்பரையில் யாரும் சிவப்புத் துண்டு போட்டதில்லை.

வந்த வாரமே என் வயிற்று விதியில் கை வைத்தார். கோயில் கோபுரத்துக்குப் பிற்பகல் வெயிலில்தான் படம் நன்றாக வருமாம். ஆகவே கொத்து முதலில், கோயில் பிறகு. "சேர், அது சரி வராது" என்றேன். "சாமிக்கு மெனு தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

முதல் நாளே வந்தது வினை. குழுவில் ஒருவர் நல்ல மனிதர், நேர்மையானவர். வாசலில் ஐயரிடம் போய், தாங்கள் இப்போதுதான் மிக ருசியான மாட்டுக் கொத்துச் சாப்பிட்டதாகவும் அதைப் பாராட்டுவதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். ஐயர் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் விபூதித் தட்டைக் கிளறிவிட்டுச் சொன்னார்: "சாமி ஒண்ணும் செய்யாது தம்பி. அது நெறையப் பாத்திருக்கு. ஆனா தர்மகர்த்தா உள்ள இருக்காரு, அவரு செய்வாரு. வெளியவே ஒரு சுத்துச் சுத்திக் கூட்டிட்டுப் போங்க."

கோபுரத்தின் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு கதை கட்டி, வெளியிலேயே ஒப்பேற்றினேன். பாதிக் கதை அந்த இடத்தில் முளைத்தது. வேதக்காரன் சொன்ன முருகன் கதை எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். மறுநாள் ராஜ் சேர் படங்களைப் பார்த்துவிட்டு, வெயில் பிரமாதம் என்றார்.

டவுனைத் திருத்தி முடித்ததும் அவர் கண் தோட்டத்துப் பக்கம் திரும்பியது. "தேயிலைத் தொழிலாளியோடு ஒரு மதிய உணவு" என்று ஒரு புதுப் பயணத்தை எழுதினார். நமுனுகுல மலையில் தோட்டத்துச் சனம் வரிசை வீடுகளில் குடியிருக்கிற ஒரு லயத்துக்குப் போவது, கொழுந்து பறிக்கிற ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதையே சாப்பிடுவது. ஒரு வெளிநாட்டு ஏஜென்சியிலிருந்து கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் பார்க்க வருவார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் சீசன் முழுக்கக் கூட்டம் வரும். "வீடு பாருங்க" என்றார் என்னிடம்.

நான் லெட்சுமி வீட்டைப் பார்த்தேன். லெட்சுமிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவளுக்கு வலது முழங்கால் போய்விட்டது. சரிவில் ஏறி நின்று கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அது போவது சகஜம். இனி மலை ஏறினால் கால் மடங்காது என்று பதுளை டொக்டர் சொல்லிவிட்டார். டொக்டர் சொல்லலாம், அடுப்பு கேட்குமா? ஒவ்வொரு காலையும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் போய் நின்று பேர் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சாப்பாட்டு வேலை கிடைத்தால் அவள் மலை ஏற வேண்டாம். அதனால்தான் அவளைப் பிடித்தேன். அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

ராஜ் சேர் கொடுத்த கட்டளைகளை அவளிடம் ஒப்புவித்தேன். சாப்பாட்டுக்குக் கோதுமை ரொட்டி, கட்டச் சம்பல், பிளேன்டீ, வேறெதுவும் கிடையாது. கதிரை வேண்டாம், பாய் போதும். பிளாஸ்டிக் சாமான் கண்ணில் படக் கூடாது. டிவியை மறைத்துவிட வேண்டும்.

"டிவிய எங்கண்ணே மறைக்கிறது?"

"கட்டிலுக்கு அடியில வையேன்."

"கட்டில் இருக்கலாமா? இல்ல, அதையும் எதுக்கு அடியிலயாவது வைக்கணுமா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, வர்றவங்க வீட்டுக்குத்தானே வர்றாங்க?"

"ஆமா."

"மொத தடவையா வர்றாங்க?"

"ஆமா தங்கச்சி."

"அவங்களுக்கு ரொட்டியும் சம்பலுமா?"

"அதத்தான் கேக்குறாங்க."

"சரிண்ணே" என்றாள்.

தோட்டத்தில் "சரிண்ணே" என்றால் நீ சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். செய்கிறேன் என்று அர்த்தம் கிடையாது. இது எனக்குத் தெரியும். ராஜ் சேருக்கு நான் அதை விளக்கவில்லை, அவர் என்னிடம் கேட்கவுமில்லை.

அந்த நாள் வந்தது. வேன் ஏறக்கூடிய தூரம் ஏறி நின்றது, மிச்சத்தை நடந்தோம். வெள்ளைக்கார அம்மாவும் ஐயாவும் வழியில் கண்ட கோழியையும் கொடியில் காய்ந்த சட்டையையும் படம் எடுத்தார்கள். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பெண்களைக் கண்டதும் அந்த அம்மா என்னிடம், "இவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா?" என்று கேட்டார். வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி இது. மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு பெண் கூடையை இறக்காமலே, "ஏன், அந்தம்மாவுக்கு அவங்க ஊருல ஏதும் கவலையா?" என்று திருப்பிக் கேட்டாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. "ஆம், மிகவும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

லயத்தை அடைந்ததும் ராஜ் சேர் நின்றுவிட்டார். நானும் நின்றுவிட்டேன்.

லெட்சுமி வீட்டு இஸ்தோப்பில், முன்வாசல் திண்ணையில், லயத்தின் அத்தனை பிளாஸ்டிக் கதிரைகளும் கூடியிருந்தன. சிவப்பு, நீலம், பச்சை. நடுவில் மேசை, அதன் மேல் பூப்போட்ட விரிப்பு, விரிப்பின் மேல் ரோசாப் பூ பிளாஸ்டிக்கில். கலர் சோடா கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே டிவி புதுமணப்பெண் கணக்கில் சரிகைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. கோழிக் குழம்பு வாசம் சனம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரைக்கும் அடித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். லெட்சுமி கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில், முழங்காலை ஒரு பக்கம் சாய்த்து நின்று, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க."

ராஜ் சேர் பல்லைக் காட்டியபடியே என் முழங்கையைப் பிடித்துப் பீலிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். முதலில் ஆங்கிலம். பிறகு தமிழ். "என்ன மேன் இது? கலியாண வீடா? நான் என்ன சொன்னேன்? இத பாக்கவா அவங்க பிளேன் ஏறி வந்தாங்க? சிக்கன் அவங்க ஊருல இல்லையா?" வெள்ளைச் சப்பாத்து சேற்றில் புதைந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த நேரத்தில் நல்லதல்ல என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தபோது விருந்தாளிகள் கதிரையில் அமர்ந்து சோறு, பருப்பு, கோழி, கத்தரிக்காய்ப் பொரியல், அவித்த முட்டை, அப்பளம் என்று வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஐயாவின் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஓடியது. இருந்தும் தட்டை நீட்டினார். ஒரு பெண் விசிறிவிட்டாள். ராஜ் சேர் அவர்களைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

"ரொட்டி இருக்கா, இல்லையா?" என்றார்.

லெட்சுமி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு துணிப் பொட்டலத்தைக் காட்டினாள். "இருக்குங்க. நா மலைக்குக் கொண்டுபோறதுக்குச் சுட்டது."

"அதக் கொண்டுபோய் வைங்க. அவங்க அதுக்குத்தான் வந்திருக்காங்க."

"அத வைக்க மாட்டேங்க."

"என்னது?"

"மலையில நின்னு திங்கிறது வேற. வீட்டுக்கு வந்தவங்களுக்கு வைக்கிறது வேற. அவங்க மலைக்கு வந்து ஏங்கூட நிக்கட்டும், நா திங்கிற ரொட்டியில பாதி பிச்சுக் குடுக்குறேன். வாசல்ல ஏறி வந்தவங்க வாயில அத வைக்கச் சொல்லாதீங்க. நாளைக்கு இந்த லயத்துல நா தலை நிமிந்து நடக்க ஏலாது."

ராஜ் சேர் குரலை இறக்கினார். அவர் குரலை இறக்கினால் அது கெட்ட சகுனம். "இங்க பாருங்க. ரொட்டி வச்சா இந்த வேல ஒங்களுக்கு. இல்லாட்டி வேற வீடு பாப்போம். இந்த மலையில வீட்டுக்கா பஞ்சம்?"

'ஒரு ரொட்டிதானேடி, வச்சுத் தொலையேன்' என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். சேலைக்கு மேலாகவே முழங்காலை ஒரு தடவை தடவிக்கொண்டாள். கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

"அப்ப நா நாளைக்குப் பெரட்டுக்கே போறேங்க" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க இன்னும் சாப்புடல. மொதல்ல ஒக்காருங்க. சாப்புட்டுட்டு அப்பறம் ஏசுங்க" என்று தட்டைக் கழுவினாள்.

ராஜ் சேர் வெளியே போகத் திரும்பினார். வாசலில் அத்தனை பெண்களும் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிடாமல் இறங்கிப் போகிறவரை அவர்கள் விடுவதாக இல்லை. வெள்ளைக்கார அம்மாவும் எட்டிப் பார்த்து, உங்கள் மெனேஜர் ஏன் சாப்பிடவில்லை, சாப்பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கவலையோடு கேட்டார். வேறு வழியில்லை. கதிரையெல்லாம் வெளியே. மனுஷன் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த பலகைக்கட்டையில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுக்கவில்லை.

இரண்டு வாய் வேண்டாவெறுப்பாகப் போனது. மூன்றாவது வாயிலிருந்து அவர் பேச்சை நிறுத்திவிட்டார். லெட்சுமி கேட்காமலே சோறு போட்டாள், கேட்காமலே குழம்பு ஊற்றினாள். எலும்பைக் கடித்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கை கழுவியதும் அவள் எவர்சில்வர் டம்ளரில் பிளேன்டீ கொடுத்தாள். டவுன்காரர்கள் எவ்வளவு சீனி போடுவார்கள் என்று தெரியாததால் சீனியை ஒரு சிறு கிண்ணத்தில் கரண்டியோடு தனியாக வைத்தாள். ராஜ் சேர் கரண்டியைத் தொடவில்லை. கிண்ணத்தைச் சாய்த்து இடது உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டார். ஒரு நக்கு, ஒரு மடக்கு. ஒரு நக்கு, ஒரு மடக்கு. சீனி கரைந்து வீணாகாமல், விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் எங்கள் சனம் குடிக்கிற குடி அது. கொழும்பு ஹொட்டேலில் எவனும் அப்படிக் குடிக்க மாட்டான். அவர் என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

லெட்சுமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர் எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள்.

மலையகத்தில் இரண்டு பேர் சந்தித்தால் பேர் கேட்பதற்கு முன் கேட்கிற கேள்வி இது. வெள்ளைச் சப்பாத்துக்காரரிடம் யாரும் கேட்பதில்லை.

"நான் கொழும்பு" என்றார் ராஜ் சேர்.

"அது இப்ப. நா தோட்டத்தக் கேட்டேன்."

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். மிச்சச் சீனி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மறைக்க இனி நேரமில்லை.

"ஹல்துமுல்லப் பக்கம்" என்றார். "மேல் டிவிசன்."

நான் அவரோடு அத்தனை மாதம் வேலை செய்திருக்கிறேன். ஹல்துமுல்லை வழியாக எத்தனையோ தடவை ஒரே வேனில் போயிருக்கிறோம். ஜன்னல் பக்கம்கூடத் திரும்பமாட்டார். அடப்பாவி மனுஷா, எங்களுக்கே எங்கள் சாப்பாட்டைச் சொல்லிக் கொடுத்தாயே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லெட்சுமிக்குக் கோபம் வரவில்லை. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். "அப்ப நீங்களே சொல்லுங்க. இப்பிடி ரெண்டு பேரு ஒங்க வீட்டுக்கு வந்திருந்தா, ஒங்கம்மா ரொட்டியா வச்சிருப்பாங்க?"

ராஜ் சேர் டம்ளரைக் கீழே வைத்தார். பேசியபோது அவர் வாயில் ஆங்கிலமும் இல்லை, கொழும்பும் இல்லை.

"எங்கம்மா கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்திருக்கும். வீட்டுல யாரும் இல்லன்னு சொல்லச் சொல்லி என்னய வெளிய அனுப்பியிருக்கும். வைக்க எங்ககிட்ட ஒண்ணும் இருக்காது."

அவர் எழுந்து, கையைக் காற்சட்டையிலேயே துடைத்துக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனார். விருந்தாளிகள் பாயாசத்தில் இருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய கம்பீரத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, ஆங்கிலத்தில் சொன்னார்: இந்த வீட்டில் விருந்தினருக்கு என்ன கொடுப்பது என்பதை இந்த வீட்டுக்காரரே முடிவு செய்வார், எங்கள் பயணத்தில் வருகிற எல்லோருக்கும் இனி இதுதான் சாப்பாடு, இதுதான் வீடு. வெள்ளைக்கார ஐயா மூக்கைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். அந்த அம்மா தலையாட்டி, எழுந்து வந்து ராஜ் சேரின் கையைக் குலுக்கினார்.

லெட்சுமி என் பின்னால் வந்து சட்டையை இழுத்தாள். "என்னண்ணே சொல்றாரு? வேற வீடு பாக்கவா?"

"இல்ல தங்கச்சி. நீ இனிமே பெரட்டுக்குப் போக வேண்டாங்கிறாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன், அத ஏங்கிட்டத் தமிழ்ல சொன்னா அவரு வாயி வெந்துருமாமா?"